பதினான்காவது மாடியில் நின்றுபோன வீடு

கோலாலம்பூரில் மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் எல்.ஆர்.டி. ஏறி பண்டார் தாசிக் செலாத்தான் பக்கம் போனால், அடுத்த நிறுத்தமே பிளாசா ரக்யாட். பெட்டிக்குள் ஒரு குரல் அந்தப் பெயரை நிதானமாகச் சொல்லும். வானொலியில் பேசிப் பிழைப்பவள் நான். அதனால் எங்கே எந்த அறிவிப்பு வந்தாலும் காது தானாக அங்கே போய்விடும். உச்சரிப்பில் குறை இல்லை. இடைவெளியும் சரி. ஒன்றுதான் இடிக்கும். அந்தப் பெயருக்குரிய கட்டடம் அங்கே இல்லை.

நிலையம் 1996 டிசம்பரில் திறக்கப்பட்டது. பக்கத்தில் எழவிருந்த திட்டத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 79 மாடியில் அலுவலகக் கோபுரம், 46 மாடியில் சொகுசுக் குடியிருப்பு, 24 மாடியில் தங்கும் விடுதி, 7 மாடிக்குக் கடைத்தொகுதி என்று பெரிய கணக்கு. 1997-ல் ஆசிய நிதி நெருக்கடி வந்து ரிங்கிட் சரிந்தது. வேலை நின்றது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

எனக்கு அந்த இடம் சின்ன வயதிலேயே பழக்கம். அதை ஒட்டிய புடுராயாவில்தான் அந்தக் காலத்தில் கேமரன் மலைக்கு பஸ் ஏறுவோம். பள்ளி விடுமுறை விட்டதும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். பஸ் புகையில் கண் எரியும். டிக்கெட் விற்பவர்கள் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டே பையைப் பிடித்து இழுப்பார்கள். பக்கத்தில் துருப்பிடித்த கம்பிகளை நீட்டிக்கொண்டு பாதிக் கட்டடம் நிற்கும். "ஏம்மா அத முடிக்கல?" என்று கேட்டேன். "காசு தீந்துபோச்சாம்" என்றார் அம்மா. ஒன்பது வயதுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

சென்ற மாதம் அதே நிலையத்தைக் கடந்துதான் மறுபடியும் மாமாவைப் பார்க்கப் பிரிஞ்சாங் போனேன். இந்த முறை என் பையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. உள்ளே இரண்டு பக்கப் பத்திரம். அதில் மாமாவின் கையெழுத்து வேண்டும். அதுவும் ஒரு பாதிக் கட்டடம் பற்றியதுதான்.

மலைப் பாதை

இப்போது பஸ்கள் பண்டார் தாசிக் செலாத்தான் முனையத்திலிருந்து கிளம்புகின்றன. குளிரூட்டி, எண் போட்ட வாயில், வரிசையான நாற்காலிகள் எல்லாம் உண்டு. பையை இழுப்பவர்கள் இல்லை. நெடுஞ்சாலையில் தாப்பா வரைக்கும் தூங்கலாம். அதற்குப் பிறகு தூக்கம் வராது. தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலை வளைவுக்கு மேல் வளைவாகப் போகும். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டியதும் காது அடைக்கும். சன்னல் கண்ணாடி குளிரத் தொடங்கும். சின்ன வயதில் இந்த இடத்தில்தான் அம்மா எலுமிச்சம் பழத்தை என் மூக்கில் வைப்பார்.

ரிங்லெட் வந்ததும் ஏரியைப் பார்த்தேன். சுல்தான் அபு பக்கார் அணையின் ஏரி. மேலே மலையைச் சுரண்டிய மண்ணெல்லாம் மழையில் இறங்கி இதில்தான் வந்து சேருகிறது. 2013 அக்டோபர் 23-ஆம் தேதி விடிவதற்கு முன்னால், கனமழையில் இந்த அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்பட்டு, கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. உயிர்களும் போயின. அன்றைய காலைச் செய்தியை வாசித்தவர்களில் நானும் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்த புதிது. "கேமரன் மலை" என்று வாசிக்கும்போது குரல் நடுங்காமல் பார்த்துக்கொண்டது நினைவிருக்கிறது. மாமா அப்போது மேலே தோட்டத்தில் இருந்தார்.

தானா ராத்தாவில் பஸ் நின்றுவிடும். அங்கிருந்து பிரிஞ்சாங் சில கிலோமீட்டர் மேலே. மாமா பழைய காரோடு வந்து காத்திருந்தார். 66 வயது. கம்பளிச் சட்டை, கழுத்தில் மப்ளர். "என்ன பாப்பா, ரேடியோவுல பேசிப் பேசி எளச்சிட்டியே?" என்றார். எனக்கு வயது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மாமாவுக்கு இன்னும் பாப்பாதான்.

பிரிஞ்சாங்

நீங்கள் வார இறுதியில் பிரிஞ்சாங் போயிருந்தால் நெரிசல்தான் நினைவில் இருக்கும். ஸ்ட்ராபெரித் தோட்டம், கியா பார்ம் சந்தை, கள்ளிச்செடி வளர்ப்பு, இரவுச் சந்தையில் வேகவைத்த சோளம், ஸ்டீம்போட் கடைகளின் ஆவி எல்லாம் சேர்ந்து ஊரே ஒரு பெரிய வாகன நிறுத்துமிடம் போல ஆகிவிடும். வார நாளில் போய்ப் பாருங்கள். அது வேறு ஊர். காலையில் கடைத்தெருவின் மேல் பனி இறங்கி உட்கார்ந்திருக்கும். காய்கறி லோரிகள் கோஸும் கீரையும் ஏற்றிக்கொண்டு இருட்டிலேயே கிளம்பிவிடும். ஒன்பது மணிக்குப் பனி விலகினால், சுற்றிலும் மலைச்சரிவில் கண்ணாடி போல மின்னும் நெகிழிக் கூடாரங்கள், இடையிடையே அடுக்குமாடிக் கட்டடங்கள்.

ஊருக்கு மேலே குனோங் பிரிஞ்சாங். 2,000 மீட்டருக்கு மேல் உயரம். உச்சி வரைக்கும் தார்ச்சாலை உண்டு. அந்தச் சாலையில் போகும் வழியில்தான் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குப் பிரிய வேண்டும். 1885-ல் வில்லியம் கேமரன் என்ற பிரிட்டிஷ் அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைக் குறித்து வைத்தார். 1929-ல் ஜே.ஏ. ரஸ்ஸல் 'போ' தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பிறகு காட்டை வெட்டி, செடி நட்டு, கொழுந்து கிள்ளியதில் நம்மவர்கள் பங்கு எவ்வளவு என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது சரிவுகளில் பெரும்பாலும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தொழிலாளர்களைத்தான் பார்க்கலாம். கையால் கிள்ளுவதும் குறைந்துவிட்டது. கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன.

மாமா இங்கே ஒரு தோட்டத்தின் தொழிற்சாலையில் 38 ஆண்டுகள் வேலை செய்தார். கொழுந்தை வாட்டும் பகுதியில். இலை எப்போது சரியாக வாடியது என்பதைக் கையில் அள்ளிப் பிசைந்தே சொல்லிவிடுவார். தோட்டத்து வீட்டில்தான் பிறந்தார், கல்யாணம் செய்தார், இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். ஆனால் தோட்டத்து வீடு வேலைக்கு உரிய வீடு. வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்டப்புறத்தில் பிறந்த எந்தக் குடும்பத்துக்கும் இந்த விதி மனப்பாடம். ஓய்வு பெறும் வயது நெருங்க நெருங்க மாமாவும் அத்தையும் வேறெதையும் பேசவில்லை. "அடுத்து எங்க போறது?" இதுதான் பேச்சு.

27-வது மாடி

பதில், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு சொகுசு அடுக்குமாடித் திட்டமாக வந்தது. மாமா மகன் தலைநகரில் வேலையில் இருந்தார். விளம்பரக் கையேட்டை அவர்தான் கொண்டுவந்தார். 38 மாடிக் கோபுரம். கூரையில் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், கீழே தோட்டம். கையேட்டுப் படத்தில் கோபுரத்தைச் சுற்றிப் பனிமூட்டம் வேறு வரைந்திருந்தார்கள். ஆயுள் முழுக்கப் பனியில் நனைந்த மனிதருக்குப் பனியைப் படம் போட்டு விற்றார்கள் என்று அத்தை இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

27-வது மாடியில் ஒரு வீடு. விலை 4 லட்சத்து 20 ஆயிரம் வெள்ளி. 2017 மார்ச்சில் அப்பா, மகன் இரண்டு பேர் பெயரிலும் ஒப்பந்தம். கையெழுத்துப் போட்டதும் கட்ட வேண்டிய 10 விழுக்காடு, அதாவது 42 ஆயிரம் வெள்ளி, மாமாவின் சேமநிதியிலிருந்து போனது. மீதிக்கு வங்கிக் கடன். வீடு 36 மாதத்தில், 2020 மார்ச்சில் கைக்கு வர வேண்டும்.

முதல் இரண்டு ஆண்டுகள் மாமா மகன் மாதம் ஒரு முறை போய்ப் படம் எடுத்து அனுப்புவார். நாலாவது மாடி. ஒன்பதாவது மாடி. பதினான்கு. அதற்குப் பிறகு வந்த எல்லாப் படங்களிலும் பதினான்கே. 2019 நடுவில் வேலையாட்கள் குறைந்தார்கள். பிறகு பாரந்தூக்கி மட்டும் நின்றது. 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நாடே நின்றது. மற்ற இடங்களில் வேலை திரும்பத் தொடங்கியது. இங்கே தொடங்கவில்லை.

நம் வீடமைப்பு அமைச்சு இப்படிப்பட்ட திட்டங்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. கொஞ்சம் பின்தங்கினால் 'தாமதத் திட்டம்'. 30 விழுக்காட்டுக்கு மேல் பின்தங்கினாலோ, ஒப்பந்தக் கெடு தாண்டினாலோ 'நோய்வாய்ப்பட்ட திட்டம்'. மலாயில் 'சாகிட்' என்றே சொல்கிறார்கள். கெடுவும் தாண்டி, தொடர்ந்து ஆறு மாதம் வேலையும் நடக்காமல் போனால், 'கைவிடப்பட்ட திட்டம்' என்று அறிவிப்பதற்கு வழி திறக்கும். "கட்டடத்துக்குக் காய்ச்சல்னா வாங்குனவனுக்கு என்னா?" என்று மாமா ஒரு முறை தொலைபேசியில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நல்ல வேளையாக, கட்டக் கட்டத்தான் வங்கி பணம் விடுவிக்கும். அடித்தளம் முடிந்ததும் 10 விழுக்காடு. அவரவர் வீட்டின் தூண், தளம் எழும்பியதும் 15 விழுக்காடு. 27-வது மாடி காற்றில்தானே இருக்கிறது? அதனால் அடித்தளத்துக்கான 10 விழுக்காட்டோடு வங்கி நின்றுவிட்டது. விட்ட தொகைக்கு வட்டி மட்டும் மாதம் தவறாமல் ஓடுகிறது. கீழ்மாடிகளில் வாங்கியவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்கள் மாடி எழும்பிவிட்டதால் விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. குடியிருக்கத்தான் முடியாது.

மாமா ஓய்வு பெற்றதும் தோட்டத்து வீட்டைக் காலி செய்தார். இப்போது பிரிஞ்சாங் கடைத்தெருவில் ஒரு கடைக்கு மேல் இரண்டு அறை, வாடகைக்கு. வாடகைக்காக ஒரு காய்கறிக் கிடங்கில் இரவுக் காவல் பார்க்கிறார். அப்பாவும் மகனும் இந்த வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் சண்டையில்தான் முடிகிறது. "நீதான் கொண்டுவந்த" என்று மாமா ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லாததே மகனுக்குத் தாங்கவில்லை. அதனால்தான் பத்திரம் என் கையில் வந்தது.

பழுப்பு உறைக்குள்

இரவு அத்தை சுடச்சுட ரசமும் கருவாடும் வைத்தார். சாப்பிட்ட பிறகு உறையைப் பிரித்தேன்.

விஷயம் இதுதான். நின்றுபோன திட்டத்தை எடுத்து முடிக்க வேறொரு நிறுவனம் முன்வந்திருக்கிறது. வியாபாரத்தில் இவர்களை 'வெள்ளைக் குதிரை வீரன்' என்பார்கள். நாம் மீட்பு நிறுவனம் என்று சொல்வோம். அவர்கள் சும்மா வரவில்லை. வீடு தாமதமானதற்கு வாங்கியவர்களுக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை எல்லாரும் விட்டுக்கொடுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கும்.

அந்த இழப்பீடு எவ்வளவு தெரியுமா? ஒப்பந்தப்படி, கெடு தாண்டிய ஒவ்வொரு நாளுக்கும் கணக்கிட்டு, ஆண்டுக்கு விலையில் 10 விழுக்காடு. மாமா வீட்டுக்கு ஆண்டுக்கு 42 ஆயிரம் வெள்ளி. ஐந்து ஆண்டுக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். நோய்த்தொற்றுக் காலத்தில் சில மாதங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தனிச் சட்டம் வந்தது. அதைக் கழித்தாலும் பெரிய தொகைதான். மாமா கணக்கைக் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அவன் செஞ்ச தப்புக்கு நான் ஏன் பாப்பா விட்டுக்குடுக்கணும்?"

நியாயமான கேள்வி. என் நிகழ்ச்சிக்கு ஒரு முறை வழக்கறிஞர் ஒருவரை அழைத்து இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினோம். அன்றைக்கு வந்த அழைப்புகளைப் போல் வேறு எந்த நிகழ்ச்சிக்கும் எனக்கு வந்ததில்லை. அவர் சொன்னதை மாமாவுக்குச் சொன்னேன். நம்மைக் காக்கும் சட்டம் 1966-ஆம் ஆண்டின் வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம். சட்டப் புத்தகத்தில் அதன் எண் 118. (நம் தலைநகரில் 679 மீட்டருக்கு நிற்கும் மெர்டேக்கா 118 கோபுரத்துக்கும் அதே எண். அந்தக் கோபுரம் பிளாசா ரக்யாட்டுக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.) அந்தச் சட்டத்தின்படி வேலை தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ நின்றதாக வீடமைப்புக் கட்டுப்பாட்டாளர் சான்று தந்தால், கடன் கொடுத்த வங்கியின் ஒப்புதலோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். மேம்பாட்டாளர் 30 நாளில் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். திட்டத்தைக் கைவிடுவதே குற்றம். அபராதம் 2 லட்சத்து 50 ஆயிரம் வெள்ளியிலிருந்து 5 லட்சம் வரை, அல்லது 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

"அப்ப நல்லாத்தானே இருக்கு சட்டம்?" என்றார் மாமா.

"நல்லாத்தான் இருக்கு மாமா. திருப்பிக் குடுக்க அவங்ககிட்ட காசு இருக்கணுமே."

அத்தை எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துவந்தார். திரைச்சீலைத் துணி. மஞ்சளில் சின்னச் சின்ன இலை போட்டது. 2018 தீபாவளித் தள்ளுபடியில் வாங்கியது. கையேட்டில் இருந்த சன்னல் அளவை மகனிடம் கேட்டுக் கேட்டு வெட்டி, ஓரம் தைத்து வைத்திருக்கிறார். நெகிழிப் பையை இன்னும் பிரிக்கவில்லை. "இந்த வீட்டுச் சன்னலுக்கு இது நீளம்" என்று மட்டும் சொன்னார்.

"இப்படி நின்ன கட்டடம் எங்கயாச்சும் எழுந்திருக்கா?" மாமா கேட்டார்.

எனக்கு முதலில் பாங்காக் நினைவுக்கு வந்தது. வேலை விஷயமாகப் போனபோது சாவ் பிராயா ஆற்றுப் படகுத்துறையிலிருந்து பார்த்திருக்கிறேன். சாத்தோன் யூனிக் என்ற சொகுசுக் குடியிருப்புக் கோபுரம். 49 மாடி. 1990-ல் தொடங்கி, ஏறக்குறைய 80 விழுக்காடு முடிந்திருந்தபோது, அதே 1997 நெருக்கடியில் நின்றது. சன்னல் இல்லாத பால்கனிகளில் செடி முளைத்து நிற்கிறது. ஊர்க்காரர்கள் பேய்க் கோபுரம் என்கிறார்கள். படம் எடுக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆள் வருகிறார்கள். அதை மாமாவிடம் சொல்ல மனம் வரவில்லை.

எழுந்ததைச் சொன்னேன். கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் விஷன் சிட்டி என்று ஒரு திட்டம் அதே நெருக்கடியில் நின்றது. பிறகு கைமாறி, குவில் சிட்டி மால் என்ற பெயரில் 2014-ல் திறந்தார்கள். மாமாவும் போயிருக்கிறார். அங்கேதான் பேரப்பிள்ளைக்குக் காலணி வாங்கினார்.

"தொண்ணூத்தி ஏழுல நின்னது, ரெண்டாயிரத்துப் பதினாலா?" விரல் விட்டு எண்ணினார். "பதினேழு வருசம்." கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கு அறுவத்தாறு." அவ்வளவுதான் சொன்னார். மப்ளரை எடுத்துக்கொண்டு காவல் வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

கவாத்து

மறுநாள் காலை வேலை முடிந்து வந்ததும், "வா, தோட்டத்துப் பக்கம் போயிட்டு வரலாம்" என்றார். தூங்கவில்லையா என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

சுங்கை பாலாஸ் போகும் பாதை குறுகலானது. எதிரே ஒரு வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கியே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் தேயிலை. மேலே தேநீர்க் கூடத்தில் பள்ளத்தாக்குக்கு மேல் நீண்டிருக்கும் மேடையில் நின்றோம். சுற்றுலா வந்த பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழே எதிர்ச்சரிவில் ஒரு பகுதி மட்டும் பச்சை இல்லாமல் குச்சி குச்சியாக நின்றது.

"செத்துப்போச்சா மாமா?"

"கவாத்து. வெட்டி விட்டிருக்காங்க. சில மாசத்துல தளிர்த்துடும்." பிறகு தானாகவே சொன்னார். தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும். வீட்டு உயரத்துக்கு வளரும். ஆனால் கை எட்டாது, கொழுந்தும் சரியாக வராது. இடுப்பளவில் வைத்து வெட்டிக்கொண்டே இருந்தால்தான் காலத்துக்கும் கிள்ளலாம். இந்தச் சரிவில் இருக்கும் செடிகளில் பல தன் அப்பா காலத்தவை என்றார்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. திடீரென்று கேட்டார். "பதினாலு மாடி நிக்குதுல்ல பாப்பா?"

"நிக்குது மாமா."

"அதுல விக்காத வீடு ஏதாச்சும் இருக்கும்ல? இல்ல, விட்டுட்டுப் போனவங்க வீடு? எனக்கு எதுக்கு இருபத்தேழு? அந்த உசரம் அவன் போட்ட படத்துக்குத்தான் வேணும். கட்டி முடிச்ச மாடியில ஒண்ணு குடுக்கச் சொல்லு. பத்தாவது மாடியே போதும். அதுக்கு மேல முப்பத்தெட்டு வரைக்கும் அவங்க நிதானமாக் கட்டட்டும்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. சட்டப்படி இது எவ்வளவு சிக்கல் என்று எனக்குத் தெரியும். 27-வது மாடி வீட்டுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, கடன் இருக்கிறது, வங்கி இருக்கிறது. சான்றிதழ் வாங்காமல் பத்தாவது மாடியிலும் யாரும் குடியேற முடியாது. ஆனால் இத்தனை ஆண்டுகளில் இந்தத் திட்டத்தைப் பற்றி யாருடைய வாயிலிருந்தும் நான் கேட்ட முதல் நடைமுறை யோசனை அதுதான். நிறுவனம் விற்ற உயரத்தை மாமா கேட்கவில்லை. பூட்டுவதற்கு ஒரு கதவைத்தான் கேட்டார்.

"பத்திரத்துல அதுக்கு எடம் இல்ல மாமா."

"பின்னாடி எழுது."

காரின் முன்பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஒரு தனித்தாளில், அவர் சொல்லச் சொல்ல மலாயில் எழுதிக் கொடுத்தேன். அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டு, தேதியைப் போட்டு, அடியில் அடையாள அட்டை எண்ணையும் எழுதினார். 2 லட்சம் வெள்ளியை விட்டுக்கொடுத்த மனிதர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். "பசிக்குது, ரொட்டி சானாய் சாப்பிடலாமா?" என்றார்.

வாங்கப் போகிறவர்களுக்கு

நேயர்கள் என்னிடம் கேட்பதுண்டு. அப்படியென்றால் அடுக்குமாடியே வாங்கக் கூடாதா? வாங்கலாம். எத்தனையோ திட்டங்கள் சொன்ன நாளில் முடிகின்றன. ஆனால் கையேட்டின் வண்ணப் பக்கங்களைப் புரட்டும்போது கடைசியில் பொடி எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள். மேம்பாட்டாளரின் உரிம எண், விளம்பர அனுமதி எண், அவை எந்தத் தேதி வரை செல்லும் என்பது அங்கேதான் இருக்கும். அதே மேம்பாட்டாளர் இதற்கு முன் கட்டிய கட்டடத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், லிப்டில் ஏறி, குடியிருப்பவர்களிடம் நாலு வார்த்தை பேசுங்கள். நின்றுபோன திட்டங்களின் பட்டியலையும், கறுப்புப் பட்டியலில் உள்ள நிறுவனங்களையும் வீடமைப்பு அமைச்சிடம் விசாரிக்கலாம். விற்பவர் சொல்லும் வழக்கறிஞரோடு நிற்காமல், உங்களுக்கென்று ஒருவரிடம் ஒப்பந்தத்தைக் காட்டுங்கள்.

வீடு தாமதமானால் பொறுமையாக இருங்கள் என்று சொல்வார்கள். நாளைக் குறித்து வையுங்கள். 2019-ல் கூட்டரசு நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு முக்கியமானது. சட்டம் குறித்த கெடுவை மேம்பாட்டாளருக்காக நீட்டிக்கக் கட்டுப்பாட்டாளருக்கு அதிகாரம் இல்லை என்றது. 2021-ல் இன்னொரு தீர்ப்பில், முன்பதிவுப் பணம் கட்டிய நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்கும் என்றது. 50 ஆயிரம் வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு வீடு வாங்குவோர் நடுவர் மன்றம் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 10 வெள்ளி. மாமா போன்றவர்களுக்கு இதெல்லாம் தாமதமாகத் தெரிந்தது. உங்களுக்கு முன்னாலேயே தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. பெற்றோரின் சேமநிதியில் கை வைக்கும் பிள்ளைகளுக்கு, அதாவது என் வயதுக்காரர்களுக்கு. 30 வயதில் நமக்கு மூன்று ஆண்டுத் தாமதம் என்பது எரிச்சல். 60 வயதில் அது வேறு கணக்கு.

திரும்பும்போது

மாலை பஸ்ஸுக்கு மாமா மகனிடமிருந்து செய்தி வந்தது. "போட்டாரா?" என்று ஒரே சொல். "போட்டார். உங்களைப் பேசச் சொன்னார்" என்று பதில் அனுப்பினேன். இரண்டாவது வாக்கியம் என் சொந்தச் சரக்கு. கொஞ்ச நேரம் கழித்து மாமாவின் தொலைபேசி ஒலித்தது. திரையைப் பார்த்துவிட்டுக் கார்க் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்ப் பேசினார். கண்ணாடி வழியாகக் கை அசைவு மட்டும் தெரிந்தது. சண்டை போடும் கையாகத் தெரியவில்லை. பத்து விரலையும் விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

மீட்பு நிறுவனம் கையெழுத்துகளை எண்ணி முடிக்க இன்னும் சில வாரம் ஆகுமாம். மாமாவின் தனித்தாளைப் பத்திரத்தோடு சேர்த்தே கொடுத்திருக்கிறோம். வாங்கிக்கொண்ட அதிகாரி படித்துவிட்டு, கோப்பில் வைப்பதாகச் சொன்னார்.

அன்று இரவு பண்டார் தாசிக் செலாத்தானில் இறங்கி எல்.ஆர்.டி. ஏறினேன். பிளாசா ரக்யாட் என்று குரல் சொன்னபோது தொலைபேசி அடித்தது. அத்தை.

"பாப்பா, நல்லபடியாப் போய்ச் சேந்தியா? சரி, ஒண்ணு கேட்டுச் சொல்லு. பத்தாவது மாடிச் சன்னலும் அதே அளவுதானா?"